கலைஞர் நின்ற ஏழு தொகுதிகள்: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் கடைசிச் சுற்று வரை இழுத்த தேர்தல்களைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதிலில், கலைஞர் 699 ஓட்டில் கரையேறிய 1980 அண்ணாநகர் தேர்தலை ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போனேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி ‘இன்னும் சொல்லுங்கள்’, மீதி ‘நீங்கள் எந்தக் கட்சி?’. நான் கட்சிக்காரன் இல்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, தேர்தல் வந்தால் கையில் ஒரு உத்தரவும் தோளில் ஒரு பையுமாக வாக்குச்சாவடிக்கு அனுப்பப்பட்டவன். இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே.

கலைஞர் 13 முறை நின்று 13 முறையும் ஜெயித்தார் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கட்சித் தலைவருக்குப் பாதுகாப்பான தொகுதி கிடைக்காதா? இதில் என்ன சாதனை?
(கல்லூரி மாணவர், திருச்சி)

தம்பி, நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் சந்தேகப்படுவேன், ஆனால் கணக்கை எடுத்துப் பார்த்தால் சந்தேகம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

குளித்தலை 1957. தஞ்சாவூர் 1962. சைதாப்பேட்டை 1967, 1971. அண்ணாநகர் 1977, 1980. துறைமுகம் 1989, 1991. சேப்பாக்கம் 1996, 2001, 2006. திருவாரூர் 2011, 2016. தொகுதி ஏழு, வெற்றி பதின்மூன்று. நடுவில் 1984 தேர்தலில் மட்டும் அவர் நிற்கவில்லை. ஈழத் தமிழர் பிரச்சினையில் 1983-ல் சட்டமன்றப் பதவியை ராஜினாமா செய்திருந்தார், தேர்தல் சமயத்தில் தமிழ்நாட்டுச் சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார்.

இப்போது இன்னொரு கணக்கு. இந்தப் பதின்மூன்றில் அவருடைய கட்சி ஆட்சியைப் பிடித்தது எத்தனை முறை? 1967, 1971, 1989, 1996, 2006. ஐந்துதான். மீதி எட்டு முறையும் வெளியே கட்சி தோற்றுக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஜெயித்துவிட்டு வந்தார். அலை அடிக்கும்போது ஜெயிப்பதை விடுங்கள், அதற்குக் கொடி பிடித்தவன் எல்லாம் ஜெயிப்பான். அலை எதிரே அடிக்கும்போது எட்டு முறை நிற்பது வேறு விஷயம்.

பெரிய தலைகள் சொந்தத் தொகுதியிலேயே விழுந்த ஊர் இது. 1962-ல் காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார். 1967-ல் விருதுநகரில் காமராசர், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அதே தேர்தலில் முதலமைச்சராக இருந்த பக்தவத்சலமும் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். 1996-ல் பர்கூரில் ஜெயலலிதா, சுகவனத்திடம் 8,366 ஓட்டில் தோற்றார். தலைவர் என்றால் தொகுதி தானாகக் கையில் வந்து விழும் என்பது இந்த மாநிலத்தில் நடந்த கதை இல்லை.

அதற்காகப் ‘பாதுகாப்பு பார்க்கவே இல்லை’ என்றும் நான் சொல்ல மாட்டேன். பார்த்தார். மற்றவர்களை விட நன்றாகவே பார்த்தார். எந்த ஊரை எப்போது விட்டுக் கிளம்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு தேர்தல், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் எந்தத் தொகுதியிலும் அவர் நின்றதில்லை.

முதல் தேர்தலில் எங்கள் ஊரில் நின்றார் என்று தாத்தா சொல்வார். திருவாரூர்க்காரர் குளித்தலைக்கு எப்படி வந்தார்?
(வாசகி, குளித்தலை)

உங்கள் தாத்தா அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டிருந்தால், அவர் போட்ட விதமே இன்றைக்கு உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். 1957-ல் சீட்டில் முத்திரை குத்தும் பழக்கம் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். மறைவுக்குள் போய், வேண்டிய சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். படிக்காதவருக்கு இதைவிட எளிது எது?

தி.மு.க. தேர்தலில் நிற்கலாமா என்று முடிவு செய்ததும் பெட்டியை வைத்துத்தான். 1956-ல் திருச்சி மாநில மாநாட்டில், நிற்கலாம் என்பவர்களுக்கு ஒரு சிவப்புப் பெட்டி, வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. நிற்கலாம் என்று 56,942 பேர், வேண்டாம் என்று 4,203 பேர். மறுவருடம் களத்தில் இறங்கியபோது கட்சிக்கு அங்கீகாரம் கிடையாது. அதனால் அவர்கள் ஆட்கள் தேர்தல் கணக்கில் சுயேச்சைகள்.

குளித்தலையில் எதிரே நின்றவர் காங்கிரசின் கே.ஏ. தர்மலிங்கம். கலைஞருக்கு 22,785, அவருக்கு 14,489. வித்தியாசம் 8,296. முதல்முறை நிற்பவருக்கு, அதுவும் வெளியூர்க்காரருக்கு, இது நல்ல எண்தான். உள்ளே போனதும் அவர் சட்டமன்றத்தில் பேசிய முதல் பேச்சு உங்கள் பக்கத்து நங்கவரம் பண்ணையின் விவசாயிகளைப் பற்றியது. ஜெயிக்க வைத்த ஊருக்கு முதல் பேச்சைக் கொடுத்தார். அடுத்த தேர்தலில் ஊரை மாற்றிவிட்டார் என்பது வேறு கதை.

தஞ்சாவூரில் பரிசுத்த நாடாரை எதிர்த்து நிற்க அவரை அண்ணா அனுப்பினார், அது பலி கொடுக்கும் தொகுதி என்பார்கள். உண்மையா?
(ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், தஞ்சாவூர்)

யார் யாரை எதற்கு அனுப்பினார்கள் என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை ஐயா. ஆனால் அது கடினமான தொகுதி என்பதற்கு எண்களே சாட்சி. ஏ.ஒய்.எஸ். பரிசுத்த நாடார் 1957-ல் அங்கே ஜெயித்தவர், ஊரில் செல்வாக்குள்ளவர். 1962-ல் கலைஞர் 32,145, நாடார் 30,217. வெறும் 1,928 வித்தியாசம்.

அந்தத் தேர்தலில் தி.மு.க. ஐம்பது இடம் பிடித்தது. ஆனால் 1957-ல் ஜெயித்த பதினைந்து பேரைக் குறிவைத்து காமராசர் வேலை செய்தார், அவர்களில் மறுபடி உள்ளே போனவர் கலைஞர் ஒருவர்தான் என்று கழகத்தினர் இன்றும் மேடைக்கு மேடை சொல்வார்கள். அண்ணாவே தோற்று மாநிலங்களவைக்குப் போன வருடம் அது.

எனக்கு இதில் ருசியான இடம் அடுத்த தேர்தல்தான். 1967. மாநிலம் முழுக்க தி.மு.க. அலை, 137 இடம். கலைஞர் தஞ்சாவூரை விட்டுச் சைதாப்பேட்டைக்குப் போய், எஸ்.ஜி. விநாயகமூர்த்தியை 20,482 ஓட்டில் ஜெயித்தார். தஞ்சாவூரில் என்ன ஆயிற்று? அந்த அலையிலும் பரிசுத்த நாடார் மறுபடி ஜெயித்தார்! கலைஞர் அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் கிளம்பிவிட்டார்.

அண்ணாநகர் 699 ஓட்டு விவகாரம் கோர்ட்டுக்குப் போனது என்று எழுதியிருந்தீர்கள். முழுக் கதையைச் சொல்லவும்.
(வழக்கறிஞர், சென்னை, இன்னும் பலரும்)

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். சரி, விரிவாகவே சொல்கிறேன்.

1980 ஜனவரியில் மக்களவைத் தேர்தல். தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் சேர்ந்து நின்று தமிழ்நாட்டில் 39-க்கு 37. அ.தி.மு.க.வுக்கு மிஞ்சியது கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும். பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல். எம்.ஜி.ஆர். கதை முடிந்தது என்று பேசாத டீக்கடை இல்லை. நாலே மாதத்தில் ஜனங்கள் அப்படியே புரட்டிப் போட்டார்கள். அ.தி.மு.க. 129, தி.மு.க. 37.

அந்தத் திருப்பத்தில் அண்ணாநகர் மாட்டிக்கொண்டது. எதிரே டாக்டர் எச்.வி. ஹண்டே. அந்தப் பகுதியில் பெயர் தெரிந்த மருத்துவர், பின்னால் எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதார அமைச்சர். கம்பராமாயணத்தை ஆங்கிலத்தில் எழுதியவரும் அவரே. 1977-ல் இதே அண்ணாநகரில் கலைஞர் 16,438 ஓட்டில் ஜெயித்திருந்தார். 1980-ல் கலைஞர் 51,290, ஹண்டே 50,591. ஒரு லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்த இடத்தில் 699.

ஓட்டுச் சீட்டு எண்ணியதைப் பார்க்காத இளைஞர்களுக்கு இந்த எண்ணின் சூடு தெரியாது. உள்ளாட்சித் தேர்தலில் இன்னும் பார்க்கலாம். பெட்டியைக் கவிழ்த்து, சீட்டைப் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டிப் போடுவோம். 699 என்றால் அப்படிப் பதினாலு கட்டு, அதிலும் கடைசிக் கட்டில் ஒன்று குறையும். மேசையின் ஒரு மூலையில் அடங்கிவிடும். அப்புறம் செல்லாத ஓட்டுச் சண்டை. இரண்டு பெயருக்கு நடுவே கோட்டின் மேல் குத்தியது, இரண்டு சின்னத்தில் குத்தியது, முத்திரைக்குப் பதில் கைநாட்டு வைத்தது. சீட்டை முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் மடித்துத் தரும்படி எங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். மாற்றி மடித்தால் ஈர மை எதிர்ச் சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும், ஏஜென்ட் இரண்டு பேரும் அந்தச் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார்கள். வித்தியாசம் சின்னதாக இருக்கும்போது ஒவ்வொரு சீட்டுக்கும் இந்த மரியாதை உண்டு.

சரி, கோர்ட். ஹண்டே உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டார். அதில் ஒரு குற்றச்சாட்டு, கலைஞருக்காக வைத்த ஒரு பெரிய அலங்காரப் பேனரின் செலவு தேர்தல் கணக்கில் காட்டப்படவில்லை, அதைச் சேர்த்தால் செலவு வரம்பு தாண்டும் என்பது. பேனரின் புகைப்படத்தையும் மனுவோடு இணைத்தார்கள். ஆனால் எதிர்த் தரப்புக்குக் கொடுத்த நகலில் அந்தப் புகைப்படம் இல்லை. மனுவின் பகுதியான எதுவும் நகலிலும் இருக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1983-ல் தீர்ப்பு. படம் இல்லாத நகல் முழுமையான நகல் ஆகாது, ஆகவே வழக்கு நிற்காது.

ஆக, பேனருக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்ற கேள்விக்குள் கோர்ட் போகவே இல்லை. வழக்கறிஞர் ஐயா, உங்கள் தொழிலில் இது பால பாடம் என்று நினைக்கிறேன். தேர்தல் வழக்குப் போடுபவர்கள் நகலை ஒருமுறைக்கு இருமுறை புரட்டிப் பார்ப்பது இதனால்தான். இன்னொரு வேடிக்கை, அந்தத் தீர்ப்பு வந்த அதே 1983-ல்தான் கலைஞர் ஈழத் தமிழர்களுக்காக அந்தப் பதவியை ராஜினாமாவும் செய்தார்.

1991-ல் துறைமுகத்தில் ஜெயித்தும் ராஜினாமா செய்தாரே? ஓட்டுப் போட்ட மக்களுக்கு அது துரோகம் இல்லையா?
(வணிகர், சென்னை)

துரோகம் பெரிய வார்த்தை. ஆனால் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது.

முதலில் அந்த நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி மாதக் கடைசியில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21-ல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். வாக்குப்பதிவு ஜூனுக்குத் தள்ளிப் போனது. தி.மு.க. கொடியைக் கண்டால் கல் எறிந்த நாட்கள். 1989-ல் துறைமுகத்தில் கலைஞருக்கு 41,632, அடுத்து வந்த முஸ்லிம் லீகின் கே.ஏ. வகாபுக்கு 9,641. முப்பத்திரண்டாயிரத்துக்குப் பக்கமாக வித்தியாசம். இரண்டே வருடத்தில் அதே தொகுதியில் 30,932-க்கு 30,042. காங்கிரசின் கே. சுப்புவிடம் 890 ஓட்டில் தப்பினார். மாநிலம் முழுக்க தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடம்.

கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். தலைவருக்கு அது கௌரவமான முடிவு என்பார்கள். தொகுதிக்கோ, வெயிலில் நின்று ஓட்டுப் போட்டதற்குப் பலனாக இன்னொரு இடைத்தேர்தல். என்னைக் கேட்டால், உள்ளே உட்கார்ந்து ஐந்து வருடம் கேள்வி கேட்டிருக்க வேண்டும். அவர் நாக்குக்கு அந்தச் சபையில் வேலை நிறைய இருந்தது. இது என் கட்சி சாராத அபிப்பிராயம், கழகத்தினர் கடிதம் எழுதுவதானால் சுருக்கமாக எழுதவும்.

எம்.ஜி.ஆரும் தோற்றதே இல்லையே? அவரை ஏன் சொல்லவில்லை?
(ரசிகர், மதுரை)

சொல்கிறேன், கோபிக்காதீர்கள். பரங்கிமலை 1967, 1971. அருப்புக்கோட்டை 1977. மதுரை மேற்கு 1980. ஆண்டிபட்டி 1984. ஐந்துக்கு ஐந்து. 1967-ல் குண்டடி பட்டு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபடி ஜெயித்தார், 1984-ல் அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தபடி ஜெயித்தார். தொகுதிக்குள் காலே வைக்காமல் ஜெயிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 699, 890 என்று நெஞ்சு படபடக்கும் கதை அவர் பக்கம் கிடையாது, அதனால்தான் போன இதழில் பேச்சு வரவில்லை.

கேரளத்தில் கே.எம். மாணி, உம்மன் சாண்டி எல்லாம் ஒரே தொகுதியில் ஐம்பது வருடம் ஜெயித்தார்களே. அதோடு ஒப்பிட்டால்?
(வாசகர், பாலக்காடு)

நல்ல ஒப்பீடு. மாணியும் பதின்மூன்று. ஆனால் பதின்மூன்றும் ஒரே பாலா தொகுதியில். 1965-ல் முதல் வெற்றி, அந்தச் சட்டமன்றம் கூடவே இல்லை. யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் கலைந்துவிட்டது. அங்கிருந்து 2016 வரை விடாமல் ஜெயித்தார். உம்மன் சாண்டி புதுப்பள்ளியில் 1970 முதல் 2021 வரை பன்னிரண்டு. மகாராஷ்டிரத்தில் சாங்கோலாவின் கணபத்ராவ் தேஷ்முக் பதினொன்று, நடுவில் இரண்டு தோல்வியோடு.

அவர்கள் வழி வேறு. கல்யாணம், கருமாதி, ரப்பர் விலை, பஞ்சாயத்து ரோடு என்று ஒரே ஊரோடு வாழ்ந்த மனிதர்கள். புதுப்பள்ளியில் உம்மன் சாண்டி வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பிரசித்தம். கலைஞர் மாநிலத்துக்கே தலைவர், தொகுதி அவருக்கு ஒரு கால் வைக்கும் இடம். குறை சொல்லவில்லை, அவருடைய வேலை அப்படி.

மாணி 2019-ல் மறைந்ததும் பாலாவில் இடைத்தேர்தல். அவரிடம் மூன்று முறை தோற்ற மாணி சி. காப்பன் ஜெயித்தார். 2021-ல் மாணியின் மகன் ஜோஸ் கே. மாணியும் அதே காப்பனிடம் தோற்றார். புதுப்பள்ளியிலோ சாண்டியின் மகன் 2023 இடைத்தேர்தலில் 37,719 ஓட்டில் ஜெயித்தார். பக்கத்துப் பக்கத்து ஊர்கள், இரண்டு விதத் தீர்ப்பு.

1957-க்கும் 2016-க்கும் நடுவில் ஓட்டுப் போடும் முறை எவ்வளவு மாறியிருக்கிறது? அவர் எல்லாவற்றையும் பார்த்தாரா?
(பள்ளி ஆசிரியை, விழுப்புரம்)

என் தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி, நன்றி அம்மா.

பெட்டிக்குப் பெட்டி சின்னம் ஒட்டிய முறை 1957. எல்லாச் சின்னமும் ஒரே சீட்டில் அச்சாகி முத்திரை குத்தும் முறை 1962 முதல். அது 1996 வரை. 2001-ல் தமிழ்நாட்டின் 234 தொகுதியிலும் மின்னணு எந்திரம் வந்துவிட்டது. 1989 தேர்தல் வரை 21 வயது ஆனவருக்குத்தான் ஓட்டு, 1991-ல் சட்டமன்றத்துக்கு 18 வயதுப் பிள்ளைகளும் வந்தார்கள். 2016-ல் எந்திரத்தின் கடைசி வரிசையில் ‘நோட்டா’ பொத்தானும் இருந்தது. இவ்வளவுக்கும் அவர் பெயர் வேட்பாளர் பட்டியலில் இருந்தது.

எந்திரம் வந்தது எங்களுக்கு விடுதலை. முன்பெல்லாம் மாலை ஓட்டு முடிந்ததும் மெழுகுவர்த்தியை ஏற்றி அரக்கு உருக்கிப் பெட்டிக்கு முத்திரை வைப்போம், விரலைச் சுட்டுக்கொள்ளாத அலுவலர் இல்லை. பெட்டி, சீட்டின் அடிக்கட்டை, பயன்படாத சீட்டு எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, ஒன்று இடித்தால் லாரி வந்து நிற்கும்போதும் கூட்டிக்கொண்டே இருப்போம். எந்திரத்தில் ‘மொத்தம்’ என்ற பொத்தானை அமுக்கினால் போதும். கலைஞருக்கு எந்திரம் பிடித்ததா என்று கேட்காதீர்கள். எண்களைப் பார்த்தால் சேப்பாக்கத்தில் முத்திரைக் காலத்தில் 35,784 வித்தியாசம், எந்திரம் வந்த 2001-ல் 4,834, 2006-ல் 8,526. இது எந்திரத்தின் வேலை இல்லை, காலத்தின் வேலை. 1996-ல் அலை அவர் பக்கம், 2001-ல் எதிர்ப்பக்கம். ஓட்டுச் சீட்டே வேண்டும் என்று வாதாடும் நண்பர்கள் இதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.

சேப்பாக்கத்தில் நெல்லை கண்ணன் அவரை எதிர்த்து நின்றாரா? நம்ப முடியவில்லை.
(தமிழ் ஆர்வலர், திருநெல்வேலி)

நின்றார். 1996, காங்கிரஸ் வேட்பாளர். கலைஞர் 46,097, நெல்லை கண்ணன் 10,313. கம்பனையும் திருமுறையையும் மணிக்கணக்கில் பேசும் ஒருவர், பராசக்தி வசனம் எழுதிய ஒருவர். இரண்டு பேரும் எதிரெதிர் மேடை போட்டுப் பேசிய தேர்தல் என்று நினைத்தாலே காது இனிக்கிறது. ஓட்டு என்னவோ பேச்சுக்கு விழவில்லை. காங்கிரஸ் தலைமை ஜெயலலிதாவோடு கூட்டுச் சேர்ந்ததால் மூப்பனார் தனியே போய் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) தொடங்கிய வருடம் அது. ஜனங்கள் முன்பே முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

கடைசியில் சொந்த ஊருக்கு வந்தார். முன்பே ஏன் திருவாரூரில் நிற்கவில்லை? இப்போது தொகுதி எப்படி இருக்கிறது என்று எங்களைக் கேட்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள்!
(வாசகர், திருவாரூர்)

குறும்புக்கார வாசகர். காரணம் எளிது. திருவாரூர் நெடுங்காலம் ஆதிதிராவிடருக்கான தனித் தொகுதி. 2008 தொகுதி மறுவரையறையில்தான் பொதுத் தொகுதி ஆயிற்று. அதே மறுவரையறையில் சென்னையில் பழைய சேப்பாக்கம் கலைந்து, திருவல்லிக்கேணியோடு சேர்ந்தது. ஒரு கதவு மூடியபோது இன்னொன்று திறந்தது, அதுவும் அவர் பள்ளிக்கூடம் படித்த ஊரில்.

2011-ல் தி.மு.க. 23 இடத்துக்குச் சுருங்கி, எதிர்க்கட்சி அந்தஸ்துகூட தே.மு.தி.க.வுக்குப் போன தேர்தல். அதில் கலைஞர் 1,09,014 ஓட்டு வாங்கி 50,249 வித்தியாசத்தில் ஜெயித்தார். 2016-ல் 1,21,473 ஓட்டு, வித்தியாசம் 68,366. வேனில் உட்கார்ந்தபடி, கரகரத்த குரலில் சில நிமிடம் பேசிய தேர்தல் அது. அவருடைய பதின்மூன்று வெற்றியில் இதுதான் பெரியது, தொண்ணூறைத் தாண்டிய வயதில். ஆட்சி மட்டும் கிடைக்கவில்லை.

இதைக் கவனியுங்கள். அவரது மிகக் குறுகிய மூன்று வெற்றிகளும், மிகப் பெரிய இரண்டு வெற்றிகளும் கட்சி ஆட்சியைப் பிடிக்காத வருடங்களில் வந்தவை. பெரிய இரண்டும் சொந்த ஊரில். வெளியூர்க்காரராக நின்று ஓட்டுக் கேட்டபோதெல்லாம் அலையின் ஏற்ற இறக்கம் அவரையும் ஆட்டியது. திருவாரூரில் ஆட்டவில்லை. தொகுதி மாறி மாறி நின்றதே அவர் பலம் என்று சொல்பவர்களோடு நான் முழுக்க ஒத்துப்போகாதது இந்த இடத்தில்தான்.

2018 ஆகஸ்ட் 7-ல் அவர் மறைந்தார். இடைத்தேர்தலை 2019 ஜனவரி 28 என்று அறிவித்தார்கள். நவம்பரில் கஜா புயல் அடித்து உங்கள் மாவட்டமே கூரை இல்லாமல் கிடந்தது, நிவாரண வேலை முடியவில்லை என்று தேர்தலை ரத்து செய்தார்கள். ஏப்ரலில் மக்களவைத் தேர்தலோடு சேர்த்து நடந்தது. பூண்டி கலைவாணன் ஜெயித்தார், 2021-லும் அவரே. மிச்சத்தை நீங்கள்தான் எழுத வேண்டும், உள்ளூர்க்காரர்.

இந்த எண்களை எல்லாம் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? என் மகன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான்.
(வாசகி, ஈரோடு)

தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை வெளியிடுகிறது. தொகுதிவாரியாக வேட்பாளர் பெயர், கட்சி, வாங்கிய ஓட்டு, செல்லாத ஓட்டு வரை அதில் இருக்கும். ஆணையத்தின் இணையதளத்தில் இலவசம். பழைய அறிக்கைகளில் கட்சிப் பெயர் சுருக்கெழுத்தில் இருக்கும். 1957-ல் தி.மு.க.வினரை ‘சுயேச்சை’ என்ற வரியில்தான் தேட வேண்டும், ‘தி.மு.க. பூஜ்யம்’ என்று எழுதி மதிப்பெண்ணை விட்டுவிடப் போகிறான். தொகுதியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் 2008-க்கு முன்னும் பின்னும் எல்லை வேறு என்பதையும் அவனிடம் சொல்லிவையுங்கள்.